கவிழப் பழகு

இரட்டைக் குழந்தை பிறந்துவிட்டதால்
கேலம் விற்ற காயக் அது.
பாசிப்பச்சை. அடிப்பாகம் முழுக்கக் கீறல்.
என் காரின் கூரையில் வைத்துக் கட்டும்போது
ஒன்றுதான் சொன்னான்:
"மீன் அப்புறம். முதலில் கவிழப் பழகு."

அதனால் ஜூன் பதினைந்து வரை
கவிழ்ந்துகொண்டே இருந்தேன்.
ஆற்றில் தூண்டில் போடத் தடையுள்ள மாதங்கள்.
மீன்கள் முட்டையிட்டன,
நான் தண்ணீர் குடித்தேன்.
இடுப்பளவு ஆழம், சென்ட் ஐவ்ஸ் புல்வெளியோரம்.
கிடங்கில் என்னோடு இரவு ஷிஃப்ட் பார்க்கும் பொஷேனா
கரையில் தெர்மஸும் கையுமாக உட்கார்ந்து எண்ணுவாள்.
போலிஷ் மொழியில் பத்துவரை நான் கற்றது இப்படித்தான்.

படகின் குறுக்கே வயிற்றைப் போட்டு
நீரை உதைத்து உதைத்து
மடித்த தோசைபோலத் தொங்கி
பதினோராவது முறை ஏறிவிட்டேன்.
என் உடம்பு எங்கே கனமென்று
நாற்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது.

பதினாறாம் தேதி. காலை நாலரை.
உரிமம் இரண்டு: துடுப்புக்கு ஒன்று, தூண்டிலுக்கு ஒன்று.
உயிர்காப்புச் சட்டை. கழுத்தில் விசில்.
தூண்டில் கோலுக்கும் கயிறு, கன்றுக்குட்டிக்குக் கட்டுவதுபோல.
ஒத்திகைக்கென்று சும்மா எடுத்துப்போன கோல் ஒன்றை
ஊஸ் ஆறு ஏற்கெனவே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது.
ஊஸ். பெயர்தான் அப்படி,
ஊசிப்போன ஆறில்லை.

முதலில் எதிர்நீரில் போக வேண்டும்.
கை சோர்ந்த பிறகு ஆறே கொண்டுவந்து விடும்.
மாற்றிச் செய்தவர்கள்
டாக்ஸியில் திரும்புகிறார்கள்.

பாலத்தின் நடுவே ஒரு குட்டித் தேவாலயம்,
பாதி வழியில் முழங்காலிட்டதுபோல.
வளைவுக்குள் நுழைந்ததும்
என் மூச்சே எனக்கு மேலிருந்து கேட்டது.
அந்தப் பக்கம் ஓர் அன்னம், வழி விடவில்லை.
பாலையும் நீரையும் பிரிக்கும் என்று படித்திருக்கிறேன்.
இது என்னையும் படகையும் பிரிக்கப் பார்த்தது.

அல்லி இலைகள் தொடங்கும் வளைவில் நங்கூரம்.
பக்கவாட்டில் கட்டினால் ஆறு கவிழ்த்துவிடும்.
வால்பக்கம் கட்ட வேண்டும்,
ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக.
பெட்டி கட்டிக் கட்டிப் பழகிய கை இது.
கிடங்கில் எதுவுமே அவிழக் கூடாது.
மூன்று முறை இறுக்கிவிட்டு
மூன்று முறையும் பல்லால் அவிழ்த்தேன்.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை.
கால் மரத்துப்போனது. சாண்ட்விச் ஈரமாகிவிட்டது.

பிறகு கோல் வளைந்தது.
பெர்ச்.
முதுகில் முள்விசிறி, உடம்பில் புலிக்கோடு,
அடித்துடுப்பு குங்குமச் சிவப்பு.
ஒரு சாண், கொஞ்சம் கூடவே இருக்கும்.
படகும் ஒருபக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தது.

உடனே மனசுக்குள் புளி கரைந்தது.
சின்ன வெங்காயம், நல்லெண்ணெய், வெந்தயம் பொரியும் வாசம்.
கரையோடு ஓடிவந்த பொஷேனாவோ
"வெண்ணெயில்! வெண்ணெயில் வறு!" என்று கத்தினாள்.
மீன்பிடி கிளப்பின் பலகை
எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது:
பிடித்ததை ஆற்றிலேயே விடவும்.

நனைந்த கையால்தான் தொட வேண்டும்,
உலர்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும்.
நீருக்குள்ளேயே தாங்கிக்கொண்டேன்.
செவுள் திறந்தது, மூடியது, திறந்தது.
கழுவின மீனில் நழுவின மீன் என்பார்களே,
இது கழுவாமலே நழுவியது.
நான் விட்டேனா, அதுவாகப் போனதா,
இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.

வீட்டில் வில்லவன் நிஜமாகவே புளி கரைத்து வைத்திருந்தார்.
"எங்கே?" என்றார்.
கையை முகரக் கொடுத்தேன்.

கொல்லைப்புற வேலியில் காயக்கைச் சாய்த்தபோது
அடிப்பாகத்தில் புதிதாக ஒரு கீறல்,
வெள்ளையாக, விரல் நீளத்துக்கு.
கேலம் போட்டதல்ல.
கொஞ்ச நேரம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு
உள்ளே போய்க்
கத்தரிக்காய் நறுக்கினேன்.